வெண்டலின் வண்டி

இரண்டு வருஷமாக எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப் பக்கமே தலைகாட்டாத மார்லிஸ், அந்த செப்டம்பர் கூட்டத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அக்டோபர் பந்தயத்துக்கு வேலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். துடைப்பத்துக்கு ஆள் வேண்டும் என்று தலைவர் கேட்டதும் அவள் கையைத் தூக்கினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஜோடிக்கு யார் என்று கேட்டார்கள். "லாய்ட் வரட்டும்" என்றாள். லாய்ட் நான்தான்.

காட்டுக்குள் ஓடும் பந்தயத்தில் எல்லோருக்கும் பின்னால் இரண்டு பேர் போவோம். போட்டி எங்களுக்கு இல்லை. விழுந்தவனைத் தூக்கி விட்டு, நின்றுபோன வண்டியைக் கிளப்பிக் கொடுத்து, ஒரு ஆளைக்கூடக் காட்டில் விடாமல் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வந்து சேர்க்க வேண்டும். அதனால்தான் துடைப்பம் என்று பெயர். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு சட்டம். கடைசி ஆள் வெளியே வராமல் நாங்கள் வெளியே வரக்கூடாது.

என்னை ஏன் கேட்டாள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பி வெண்டலைக் கண்டெடுத்தவன் நான்.

எங்கள் மலையில் ஏணி என்று ஒரு ஏற்றம் இருக்கிறது. ஓடை இறங்கி வரும் பாறைப் படிகள். ஒரு வண்டிதான் ஏற முடியும். இடது பக்கம் மலைச்சுவர், வலது பக்கம் ஆள் உயரப் பள்ளம், அதில் தண்ணீர். அந்தப் பள்ளத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே, தன் வண்டிக்கு அடியில் வெண்டல் கிடந்தான். வலது கால் முட்டிக்குக் கீழே எந்தத் திசையில் இருந்தது என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றரை மணி நேரம் பனித்தண்ணீரில் கிடந்திருக்கிறான். உயிர் பிழைத்தான். கால் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "கிப் இழுத்து விட்டான்." வண்டி படியில் சாய்ந்து நின்றுபோய்விட்டது, கால் அடியில் மாட்டிக்கொண்டது, பின்னால் வந்த கிப் டாலிமோர் வழியை மறைக்கிறது என்று பின்சக்கரத்தைப் பிடித்து இழுத்தான், வண்டியும் நானும் சேர்ந்து பள்ளத்தில் உருண்டோம் என்றான். கிப்பைக் கூப்பிட்டு விசாரித்தோம். தான் ஏணியில் யாரையுமே பார்க்கவில்லை என்று அவன் சொன்னான். வெண்டலுக்குத் தலையிலும் அடி. எத்தனையாவது சுற்று என்று கேட்டால் ஒரு நாள் ஒன்றாவது என்பான், மறுநாள் இரண்டாவது என்பான். அடிபட்டவன் குழம்பிப் பேசுகிறான் என்று கிளப் முடிவு கட்டியது. அந்த வருஷக் கோப்பை கிப்புக்குப் போனது. கூடத்துச் சுவரில் இருக்கும் பலகையில் அவன் பெயரைப் பொறித்தார்கள்.

ஊரில் மரம் அறுக்கும் ரம்பம் ரிப்பேர் பண்ணுகிற கடை கிப்புடையது. விறகு வெட்டாத வீடு எங்கள் பக்கம் கிடையாது, ஆகவே அவன் முகத்தில் விழிக்காத ஆளும் கிடையாது. கலகலப்பானவன். கடைக்கு வருகிறவர்களிடம், வெண்டல் பாவம், யார் மேலாவது பழி போட்டால்தானே அவனுக்கும் மனசு ஆறும் என்று சொல்வானாம். அது மார்லிஸ் காதுக்குப் போகாமலா இருக்கும்? காலை இழந்ததைவிட, ஊர் முழுக்கத் தன்னைப் பொய்யன் என்று நினைக்கிறது என்பதுதான் வெண்டலை வதைத்தது. வெள்ளிச் சுரங்கத்தில் ஆழத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தவன், பொய்க்கால் மாட்டிக்கொண்டு மேலே கருவிகள் எடுத்துக் கொடுக்கிற அறையில் உட்கார்ந்தான். யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டான்.

மார்லிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தம்பியின் வண்டியை அவள்தான் பிரித்துச் சேர்த்தாள். முந்நூறு சிசி டூ-ஸ்ட்ரோக், பழைய மாடல், காலால் உதைத்தால்தான் கிளம்பும். இரண்டு வருஷமும் ஞாயிறு தவறாமல் அதை எடுத்துக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் போனாள்.

பந்தய நாள் காலையில் மழை விட்டிருந்தது. மொத்தம் அறுபத்து மூன்று வண்டிகள், இரண்டு சுற்று. வெண்டல் தன் மடக்கு நாற்காலியில், நெருப்புப் பீப்பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். கிப் புது வண்டியில் வந்திருந்தான். அதுவும் டூ-ஸ்ட்ரோக்தான். ஆனால் பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடும், காலால் உதைக்கிற கிக்கர் பேருக்கு ஓரத்தில் தொங்கும். வெண்டல் இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை. முதல் சுற்றில் அவன்தான் முதல் ஆளாக வந்தான்.

இரண்டாம் சுற்றில் நாங்கள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தோம். ஒருவனுக்குச் சங்கிலி மாட்டிக் கொடுத்தோம், அழுதுகொண்டிருந்த இன்னொருவனுக்கு மிட்டாய் கொடுத்தோம். மார்லிஸ் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மணி சுமாருக்கு ஏணியின் அடிக்கு வந்தோம்.

பாதி ஏற்றத்தில் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். கிப். பக்கத்தில் ஓடைத் தண்ணீரில் எண்ணெய் படலம் மினுங்கியது. வண்டி தலைகுப்புற விழுந்து வெகு நேரம் கிடந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. முன்னணியில் இருந்தவன் விழுந்து, பின்னால் வந்த அத்தனை பேரும் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு அவனைக் கடந்து போயிருக்கிறார்கள். ஒருவனும் நிற்கவில்லை. பந்தயத்தில் அதுதான் வழக்கம்.

எங்களைப் பார்த்ததும் அவனுக்கு முகம் மலர்ந்தது. "அப்பாடா, வந்தீங்களா. இந்தச் சனியன் உசுரே புடிக்க மாட்டேங்குது. பொத்தானை அமுக்கி அமுக்கி பேட்டரியும் செத்துப்போச்சு."

மார்லிஸ் வண்டியை அணைத்தாள். என்னையும் அணைக்கச் சொன்னாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினாள். அதுவரை அவனுக்கு அவள் யார் என்று தெரியவில்லை. தெரிந்ததும் கிக்கர்மேல் இருந்த காலைக் கீழே வைத்தான்.

மார்லிஸ் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, பையிலிருந்து எல்க் மான் உப்புக்கண்டத்தை எடுத்து ஒரு கடி கடித்தாள்.

"உதை. நாங்க பாத்துக்கிட்டிருக்கோம்."

அவன் உதைத்தான். அவனும் நல்ல ஓட்டக்காரன்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலைந்து வருஷமாகப் பொத்தானிலேயே காலம் தள்ளியவன். பதற்றத்தில் அவனுக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. கால் முழுசாகக் கீழே போகவில்லை, பாதியிலேயே வழுக்கியது. ஒவ்வொரு உதைக்கும் ஆக்ஸிலேட்டரை வேறு படபடவென்று முறுக்கினான்.

மார்லிஸ் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சோக்கை இழுத்து வச்சிருக்கான் பாரு. பெட்ரோல் டேப்பும் தொறந்தே கெடக்கு. விழுந்து கெடந்தப்பவே அதுக்குத் தொண்டை வரைக்கும் பெட்ரோல். இப்ப ஒவ்வொரு உதைக்கும் இன்னும் ஒரு மொடக்கு ஊத்திக்கிட்டிருக்கான்."

சொல்லிக் கொடுக்கலாமே என்றேன். எங்கள் வேலையே அதுதான் என்றும் சொன்னேன்.

"நேரம் இருக்கு" என்றாள்.

எழுந்து போகப் பார்த்தேன். என் சட்டைக் கையைப் பிடித்தாள். இறுக்கமாகக்கூட இல்லை. அந்தப் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

இருபது நிமிடம் போயிருக்கும். கிப்பின் முகம் ரத்தமாகச் சிவந்து, பிறகு வெளுத்தது. ஒரு உதையில் கிக்கர் திருப்பி அடித்து முழங்கால் சில்லில் பட்டது. முனகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என் வாக்கி-டாக்கியில் கூப்பிடச் சொன்னான். ஏணிப் பள்ளத்தில் அது கரகரக்கும், பேசாது. அவனுக்கும் அது தெரியும்.

கடைசியில் அவனே அவளிடம் கேட்டான். "மார்லிஸ், உனக்குத் தெரியும்ல இது. கொஞ்சம் கிளப்பிக் குடேன்."

"கிளப்பித் தரேன். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

"நான் தான் அப்பவே சொன்னேனே."

"அப்ப நடந்தே போ. நாலு மைல். முட்டி தாங்குமான்னு பாரு."

அவன் என்னைப் பார்த்தான். என்ன லாய்ட், நீங்களும் இதற்கு உடந்தையா என்று கேட்டான். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. அதுவே அவனுக்குப் பதிலாகிவிட்டது போல. வண்டியை விட்டுவிட்டுக் கீழே நாலு படி இறங்கினான். ஈரப்பாறையில் முட்டி மடங்கி விழுந்தான். எழுந்து, அங்கேயே நின்றான். பிறகு மெல்ல மேலே ஏறி வந்தான்.

வழக்கு கிழக்கு என்று போக மாட்டாயே என்று முதலில் கேட்டான். வக்கீல் ஏற்கெனவே கைவிரித்துவிட்டார், காலம் கடந்துவிட்டது என்று மார்லிஸ் சொன்னாள்.

"பாத்தேன்" என்றான் கிப்.

"யாரை?"

"வெண்டலை. இதே எடம்தான். அந்தப் படியில. வண்டி அவன் கால் மேல கெடந்துச்சு."

"மேல சொல்லு."

"முழிச்சுக்கிட்டுதான் இருந்தான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். கிப், டேப்பை மூடு, பெட்ரோல் கொட்டுதுன்னான். அவ்வளவுதான் கேட்டான். டேப்பை மூடச் சொன்னான்." முழங்காலைத் தடவிக்கொண்டான். "எனக்குப் பின்னாடி ரெண்டு நிமிஷத்துல ஆள் வந்துக்கிட்டிருந்தான். கோப்பை அந்த ஒரு பந்தயத்துலதான் இருந்துச்சு. ஓரமா நகத்தலாம்னுதான் இழுத்தேன். பள்ளத்துல தள்ளணும்னு இழுக்கல. சறுக்கிடுச்சு. அவனும் கூடவே போயிட்டான்."

"அப்புறம்?"

"துடைப்பம் வரும், தூக்கிருவாங்கன்னு நெனச்சேன். மேல செக்பாயின்ட்ல சொல்லணும்னுதான் போனேன். அங்க அயோன் என் அட்டையில முத்திரை குத்திட்டு, நீதான் முதல்ல போற, போ போன்னா. வாயைத் தொறந்தேன். வரல. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லலாம் சொல்லலாம்னு, நாள் போயிடுச்சு."

நான் அன்று அந்தப் பள்ளத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவன். வெண்டல் என் கையைப் பற்றிக்கொண்டு, டேப்பை மூடு, டேப்பை மூடு என்று பிதற்றிக்கொண்டே இருந்தான். ஜன்னி என்று நினைத்தோம். டாக்டரிடமும் அப்படியே சொன்னேன். அவன் குழம்பிப்போயிருக்கிறான் என்பதற்கு அதையும் ஒரு சாட்சியாகக் கிளப்பில் எடுத்துக்கொண்டார்கள்.

மார்லிஸ் எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டாள். சொன்ன வாக்குப்படி வண்டியைக் கிளப்பினாள்.

முதலில் டேப்பை மூடினாள். சோக்கை உள்ளே தள்ளினாள். இடுப்புப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து பிளக்கைக் கழற்றினாள். அது குளித்து எழுந்தது போல் நனைந்திருந்தது. பிடி என்று கிப்பிடம் சொல்லி, இரண்டு பேருமாக வண்டியைச் சக்கரம் மேலே பார்க்கக் கவிழ்த்தார்கள். பிளக் ஓட்டை வழியாக நீல எண்ணெய் கலந்த பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வடிந்தது. நிமிர்த்தி நிறுத்தி, பிளக் இல்லாமலேயே ஏழெட்டு முறை உதைத்தாள். ஓட்டையிலிருந்து புகைபோலப் பெட்ரோல் பீச்சி அடித்தது. பிறகு காய்ந்த பிளக் ஒன்றை மாட்டினாள். நியூட்ரலில் இருக்கிறதா என்று வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, அது எதிர்த்து நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து உடம்பு முழுவதையும் காலில் இறக்கினாள். பாதம் தரையைத் தொடும் வரை போனது.

முதல் உதைக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்கு ஒரு இருமல். மூன்றாவதற்கு வண்டி அலறிக்கொண்டு கிளம்பியது. பள்ளம் முழுக்க வெள்ளைப் புகை. ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, டேப்பைத் திறந்து, அது சீராக மூச்சு விடும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிப் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

வண்டியைச் சுவரில் சாய்த்து ஓடவிட்டுவிட்டு, தன் வண்டியிடம் போனாள். வெண்டலின் வண்டியிடம். அதன் மீது ஒரு கீறல் விழுந்தாலும் அன்று சாப்பிடாதவள் அவள். டேப்பைத் திறந்தாள். கைப்பிடியைப் பிடித்து, முன்சக்கரம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கி நிற்க, ஓடை விளிம்பில் அதைச் சாய்த்துப் படுக்க வைத்தாள். பெட்ரோல் வாசம் எழுந்தது. நான் பதறி எழுந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எஞ்சின் பெட்ரோலைக் குடிக்க வேண்டிய மட்டும் குடிக்கட்டும் என்பதுபோலப் பக்கத்தில் நின்றாள். பிறகு கிப்பின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அது எந்தம்பி வண்டி" என்றாள். "கொண்டுபோய் அவன் கையில ஒப்படை. இப்ப எங்கிட்ட சொன்னதை அவன்கிட்ட சொல்லு. அதுவரைக்கும் உன் வண்டி உனக்குக் கெடையாது."

ஏணியின் மிச்சப் படிகளை அவள் ஒரே மூச்சில் ஏறினாள். மேலே போய்ச் சத்தம் தேய்ந்தது.

துடைப்பத்தின் ஒரே சட்டத்தை அவள் உடைத்துவிட்டாள். மிச்சம் இருந்த துடைப்பம் நான். அவன்கூட இருந்தேன்.

கிப் வெண்டலின் வண்டியைத் தூக்கி நிறுத்தினான். உதைத்தான். அவள் செய்ததைக் கண்ணால் பார்த்தவன், ஆகவே டேப்பை மூடினான், ஆக்ஸிலேட்டரைத் திறந்து பிடித்தான். ஆனால் பிளக் நனைந்து கிடந்தது. கழற்ற அவனிடம் ஒன்றும் இல்லை. ஸ்பானர் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டான். என் இடுப்புப் பையில் ஸ்பானரும் இருந்தது, இரண்டு புது பிளக்கும் இருந்தன. இல்லை என்று சொன்னேன். பொய் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்தது. தனியாளாக மேலே தள்ளி ஏற்ற முடியாது, ஆகவே வண்டியை ஏணியில் பின்பக்கமாக இறக்க ஆரம்பித்தான். நூறு கிலோவுக்கு மேல் கனம். ஒவ்வொரு படியாக, நொண்டிக்கொண்டு இறக்கினான். நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன். கை கொடுக்கவில்லை.

கீழே ஓடையோரப் பாதைக்கு வந்தான். தள்ளிக்கொண்டு ஒன்றரை மைல் போயிருப்பான். மேட்டில் நின்று மூச்சு வாங்கியபோது, சும்மா ஒரு உதை உதைத்தான். வழியில் குலுங்கிக் குலுங்கிப் பெட்ரோல் வடிந்திருக்க வேண்டும், வண்டி கிளம்பிவிட்டது. அவன் முகத்தில் அந்த நிமிடம் வந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. குழந்தை மாதிரி சிரித்தான். ஏறி உட்கார்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஓட்டிட்டு வரச்சொல்லி அவ சொல்லல. கொண்டாந்து ஒப்படைக்கச் சொன்னா" என்றேன்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. அவன் என்னைத் தள்ளிவிட்டு ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. வண்டியை அணைத்தான். இறங்கினான். மிச்ச வழி முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தான்.

நாங்கள் மைதானத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாற்பது ஐம்பது பேர் இன்னும் கிளம்பாமல் இருந்தார்கள். பீப்பாயில் நெருப்பு எரிந்தது. மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பு பெரிய சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. மார்லிஸ் கிப்பின் வண்டியில் வந்து இறங்கி, தம்பிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கிப் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், வருவான் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் ஒருவரும் கிளம்பவில்லை.

கிப் வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக வெண்டலின் நாற்காலிக்கு முன்னால் போய் நிறுத்தினான். நின்றுகொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டு, முணுமுணுவென்று சொன்னான். எனக்கே பாதிதான் கேட்டது.

வெண்டல் அவனை முடிக்கவிட்டான். பிறகு சொன்னான்: "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

கிப் நிமிர்ந்து பார்த்தான். சுற்றிலும் ஊர். அவனிடம் ரம்பம் கொடுத்து வாங்குகிறவர்கள். மறுபடி முதலிலிருந்து உரக்கச் சொன்னான். பார்த்ததை, பேர் சொல்லிக் கூப்பிட்டதை, டேப்பை மூடச் சொன்னதை, இழுத்ததை. செக்பாயின்ட் என்று அவன் சொன்னபோது, அட்டையில் முத்திரை குத்திய அயோன் கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவன் முடித்த பிறகு வெண்டல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றான் வெண்டல். "விழுந்ததும் நான் கத்தினேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எது வரைக்கும்?"

"மேல ஏறி முடிக்கிற வரைக்கும்" என்றான்.

"சரி. போ."

அவ்வளவுதான். இரண்டு வருஷமாகக் காத்திருந்தவன் வேறு எதுவும் கேட்கவில்லை. கிப் தன் வண்டியைத் தன் டிரக்கிடம் தள்ளிக்கொண்டு போனான். பலகையை வைத்துத் தனியாக ஏற்றினான். வழுக்கியது, மறுபடி ஏற்றினான். எங்கள் மைதானத்தில் ஒருவன் வண்டி ஏற்றினால் கேட்காமலே நாலு கை வந்து விழும். அன்று ஒரு கையும் நீளவில்லை. மார்லிஸ் அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் டிரக் சாலையில் திரும்பிய பிறகுதான் தட்டை எடுத்துக்கொண்டு குழம்பு வாங்கப் போனாள்.

நவம்பர் கூட்டத்தில் கிப்பைக் கிளப்பிலிருந்து நீக்கினோம். பலகையில் அவன் பெயரை அரம் வைத்துத் தேய்த்தார்கள். வெண்டலிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினோம். அவன் அதைப் பிரித்தானா என்று தெரியாது. அதே கூட்டத்தில் இன்னொரு விஷயமும் வந்தது. காட்டில் ஒரு ஆளை விட்டுவிட்டு வெளியே வந்த துடைப்பத்தை என்ன செய்வது? மார்லிஸ் எழுந்து, ஆமாம், விட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றாள். இனி எந்தப் பந்தயத்திலும் அவளுக்கு அந்த வேலை கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். உங்களிடம் கருவி எதுவும் இல்லையா லாய்ட் என்று தலைவர் கேட்டார். இல்லை என்று அங்கேயும் சொன்னேன்.

வாசலில் அவளிடம் போய், தப்பாக நினைக்காதே என்றேன்.

"நீ கை தூக்காம இருந்திருந்தாதான் தப்பா நெனச்சிருப்பேன்" என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். "ஸ்பானர் இல்லாம எவனாவது துடைப்பம் போவானா?"

குளிர்காலம் முழுக்க கிப்பின் கடை திறந்திருந்தது, ஆள்தான் வரவில்லை. ஜனங்கள் முப்பது மைல் தள்ளிப் போய் ரம்பத்தைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள். மார்ச்சில் அவன் கடையை விற்றுவிட்டு, மொன்டானாவில் மனைவி வீட்டாரோடு போய்ச் சேர்ந்தான். அவனுக்கு டெஸ்ஸா என்று ஒன்பது வயதில் ஒரு பெண். அந்தக் குழந்தை மார்லிஸ் ஓட்டுகிற பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகும். எப்போதும் டிரைவருக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்து தொணதொணக்குமாம். பிப்ரவரியில் ஒரு நாள் காலை, பஸ்ஸில் வேறு யாரும் ஏறுவதற்கு முன்னால், எங்கள் அப்பா நிஜமாகவே அப்படிச் செய்தாரா என்று கேட்டதாம். மார்லிஸ் ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். மறுநாளிலிருந்து அந்தக் குழந்தை கடைசி இருக்கைக்குப் போய்விட்டது.

இதை அவள் ஏப்ரலில்தான் என்னிடம் சொன்னாள். பனி உருகி ஓடை நிரம்பியிருந்தது. பாதையில் சாய்ந்த மரங்களை அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். அது ஒன்றுதான் உறுத்துகிறது என்றாள்.

கோபம் ஆறிவிட்டதா என்று கேட்டேன்.

"ஆறல. ஆனா வெண்டல் இப்ப சாப்பாட்டு மேசையில பேசறான். நேத்து உப்பு கம்மின்னான்."

மறுபடி அதே இடத்தில் அவன் அப்படி நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் ரம்பத்தின் கயிற்றை இழுத்தாள்.

"அதேதான்" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் உதைக்க விடுவேன்."